வளவில் அகப்பட்ட கிழங்கு யாது?

புரட்டாதி மாதம் பிறந்து வானத்தில் மேகம் கருக்கத் தொடங்கியதும் நம் வடபகுதி வீடுகளிலே மண்வெட்டிகள் வெளியே வந்துவிடுகின்றன. கோடிப்புறத்தைக் கொத்தி, எருவிட்டு, ஐப்பசி மழைக்கு நிலத்தை ஆயத்தம் செய்யும் காலம் அது. அவ்வேளை இலையுமின்றித் தண்டுமின்றி, மண் அப்பிய உருண்டையாகவோ விரல் போன்ற நீளமாகவோ ஏதோவொரு கிழங்கு மண்வெட்டியில் அகப்படுவதுண்டு. உடனே வீட்டிலே ஒரு சபை கூடிவிடும். “இது வள்ளி” என்பார் அப்பு. “கண்டது கடியதைத் தொடாதையுங்கோ” என்பார் ஆச்சி. “அவித்துப் பார்ப்போம்” என்று குதிப்பார்கள் பிள்ளைகள். இம்மூவருள் எவர் சொல்வதைக் கேட்பது என்பதையே இவ்வாரம் வாசகர்களுடன் ஆராய விரும்புகிறோம்.

பழைய வீட்டை விலைக்கு வாங்கிக் குடிபுகுந்தோருக்கு இவ்வனுபவம் புதிதன்று. முன்னிருந்தவர் நட்டது மண்ணுள்ளே கிடக்கும். நட்டவரோ ஊரில் இரார். இடம்பெயர்ந்து மீண்டோருக்கு இது இன்னும் நெருங்கிய விடயம். 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுட் பலர், காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட பின்னரே தம் வளவுகளைக் கண்டனர். வேலியும் இல்லை, எல்லைக் கற்களும் இல்லை என்ற நிலையிலும், எங்கேனும் ஒரு மூலையில் மழைக்குப் பின் கிழங்கொன்று முளைத்து வந்து, இவ்விடத்தில் ஆச்சியின் பூந்தோட்டம் இருந்தது என்று காட்டக்கூடும். கிழங்கின் இயல்பே அதுதான். மேலே எரிந்தாலும் காய்ந்தாலும் கீழே உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். (போர் நடந்த பகுதிகளிலே, கண்ணிவெடி அகற்றுவோர் அனுமதி வழங்காத நிலத்தில் மண்வெட்டி வைத்தலே ஆகாது என்பதை இங்கே அடைப்புக்குறிக்குள் மட்டும் சொல்லிச் செல்கிறோம். பெற்றோர் அதனை வீட்டில் உரத்துச் சொல்லவேண்டும்.)

எங்கள் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறோம். பெயர் தெரியாத கிழங்கை நாவால் சோதித்தல் ஆகாது; அவித்தும் சோதித்தல் ஆகாது. மீண்டும் மண்ணில் வைத்து, அது இலையும் பூவும் காட்டித் தன் பெயரைத் தானே சொல்லும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். இஃது ஆச்சியின் கட்சிதான். ஆயினும் ஆச்சி காரணம் சொல்வதில்லை. நாம் சொல்ல முயல்வோம்.

“அவித்தால் எல்லாம் சரிவரும்” என்ற நம்பிக்கை நம்மிடையே எப்படி வேரூன்றியது? அதற்கு நியாயமான காரணம் உண்டு. மரவள்ளிக்கிழங்கைப் பாருங்கள். அதிலே ஐதரோசயனிக் அமிலத்தை விடுவிக்கும் பொருள் இருக்கிறது. தோலைச் சீவி, துண்டாக்கி, நிறைய நீர்விட்டு, மூடாமல் அவித்து, அந்நீரை வடித்துவிட்டால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. மரவள்ளி உண்ணும்போது இஞ்சி சேர்க்கலாகாது என்று இந்நாட்டில் வழிவழியாகச் சொல்லிவருவதும் அக்கிழங்கிடத்தே நம்மவர்க்கு இருந்த அச்சத்தைக் காட்டும். 1970களின் முற்பகுதியில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது இம்மரவள்ளியே எத்தனையோ வீடுகளில் சோற்றுக்கு மாற்றாயிற்று. கரணைக்கிழங்கும் அப்படியே, பச்சையாக வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் தினவெடுத்துப் போகும், புளிவிட்டு நன்றாக அவித்தால் அடங்கிவிடும். இவ்விரண்டையும் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துப் பழகியவர்கள், அடுப்பு எல்லா நஞ்சையும் வென்றுவிடும் என்று எண்ணிக்கொண்டதில் வியப்பில்லை.

அந்த எண்ணத்தைப் பொய்யாக்கும் கிழங்கொன்று நம் வேலியோரத்திலேயே இருக்கிறது. அது கார்த்திகைப்பூவின் கிழங்கு.

கார்த்திகைப்பூவை அறியாத தமிழ்ப் பிள்ளை இருத்தல் அரிது. காந்தள் என்பதும் அதுவே. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களின் வரிசையில் முதலாவதாக நிற்பதும் காந்தள்தான். ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து, ஓரம் நெளிந்து, முதலிற் பசுமையாய், பின் மஞ்சளாய், இறுதியிற் செந்தீயாய் நிறம் மாறும் அப்பூவைக் கண்டு மயங்காதார் யார்? தாவரவியலார் இதற்கிட்ட குளோரியோசா சுப்பேர்பா என்ற பெயரும் அதன் மாட்சியையே கூறுகிறது. ஆனால் நம் முன்னோர் மேலே பூவைப் பார்த்து ஒரு பெயரும், கீழே கிழங்கைப் பார்த்து வேறொரு பெயரும் இட்டார்கள். கலப்பைக்கிழங்கு என்பது அப்பெயர். வடமொழியில் லாங்கலி என்பதும் கலப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வந்தது. இரண்டு கைகள் ஓரிடத்திற் சந்தித்து விரிந்தாற்போல, அல்லது ஒரு கை நீண்டு மற்றது குறுகி மடங்கினாற்போல, கலப்பையை ஒத்த வடிவில் அக்கிழங்கு மண்ணுள்ளே கிடக்கும். மேற்றோல் மண்ணிறம், உள்ளே வெண்மை, நுனிகள் கூர்மை.

இவ்வடிவைக் கண்டால் எவரும் அடையாளம் காணலாமே என்று கேட்பீர்கள். முழுமையாகக் கண்டால் காணலாம். மண்வெட்டி அதை முழுமையாக விடுவதில்லை என்பதே இடர். கொத்தும் வேகத்தில் கைகள் இரண்டும் பிரிந்துவிட்டால், மிஞ்சுவது விரற்கடை பருமனுள்ள வழுவழுப்பான ஒரு துண்டு. அதைச் சிறுவள்ளி என்றோ வற்றாளைக்கிழங்கு என்றோ எண்ணி, அவித்து உண்டு இறந்துபோனவர்கள் இந்நாட்டிலே உண்டு. இலங்கை மருத்துவர்கள் இத்தகைய சம்பவங்களைப் பதிவு செய்திருக்கின்றனர். காலமும் நமக்குப் பகையாக நிற்கிறது. கார்த்திகைக் கொடி மாரி மழையோடு தழைத்து, கோடையில் மேற்புறம் முழுதும் காய்ந்து மறைந்துவிடும். நாம் நிலங்கொத்தும் புரட்டாதியிலே அதன் கொடியோ பூவோ அங்கிராது. பெயரைச் சொல்ல ஓர் இலைதானும் இல்லாத வேளையிலேதான் கிழங்கு நம் கையிற் சிக்குகிறது.

அதிலுள்ள முதன்மையான நஞ்சு கொல்ச்சிசீன் என்பது. இதனை நன்றாக மனத்திலிருத்துங்கள்: அவிப்பதால் அது அழிவதில்லை. மரவள்ளிக்குச் செய்த உபாயம் ஒன்றும் இங்கே பலிக்காது. கசக்கவில்லையே என்று ஆறுதல் கொள்வதும் வீண். கசக்கும் பாகற்காயை நாம் விரும்பி உண்கிறோம். கசப்பு நஞ்சின் அளவுகோல் ஆகாது. மேலும், உண்ட உடனே இந்நஞ்சு தன்னைக் காட்டுவதில்லை. சில மணி நேரம் கழிந்த பின்னரே வாந்தியும் வயிற்று வலியும் கடும் வயிற்றோட்டமும் தொடங்கும். வயிற்றோட்டம் என்றுதான் முதலில் எவரும் நினைப்பர். அதற்குள் நஞ்சு சிறுநீரகத்தையும், குருதியை உண்டாக்கும் என்பு மச்சையையும் தாக்கத் தொடங்கியிருக்கும். பிழைத்தெழுந்தவர்களுக்கு ஓரிரு வாரங்களின் பின் தலைமயிர் கொத்தாக உதிர்வதுண்டு. அது மீண்டும் முளைக்கும்.

ஆகவே அறியாக் கிழங்கை எவரேனும் உண்டுவிட்டார் எனத் தெரிந்தால், நோய்க்குறி தோன்றட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. உண்டவர் நலமாகச் சிரித்துக்கொண்டிருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். மிஞ்சிய கிழங்குத் துண்டையும், அவித்த சட்டியில் எஞ்சியதையும், தோலையும் ஒரு பையிலிட்டு உடன் கொண்டுபோதல் பெரிதும் உதவும். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் என்றொன்று இயங்குகிறது. இத்தகைய வேளைகளில் மருத்துவர்கள் அதன் ஆலோசனையைப் பெறக்கூடும்.

இனி, அப்புவின் கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர் “வள்ளி” என்றது பல வேளைகளில் சரியாகவே இருக்கும். தமிழர் வாழ்விலே வள்ளிக்கிழங்கு எவ்வளவு பழையது என்பதற்கு வள்ளியம்மையின் பெயரே சான்று. வேடர் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே கண்டெடுத்த குழந்தை ஆதலின் அப்பெயர் வந்தது எனக் கந்தபுராணம் கூறும். தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சும் ஊதா நிற இராசவள்ளியை யாழ்ப்பாணத்தார்க்கு நாம் அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. அதன் வெட்டுமுகத்தில் ஊதா நிறம் தெரிந்தால் ஐயம் பெரும்பாலும் தீரும். ஆனால் வள்ளிகளுள் வெண்சதை உடையனவும் உண்டு. எனவே நிறத்தைவிடக் கொடியே நம்பத்தக்க சாட்சி.

வள்ளிக் கொடிக்கும் கார்த்திகைக் கொடிக்கும் உள்ள வேற்றுமையை ஒரு பத்து வயதுப் பிள்ளையும் கற்றுக்கொள்ளலாம். வள்ளி தன் தண்டையே கயிறுபோல் முறுக்கிக்கொண்டு கம்பில் ஏறும். அதன் இலை காம்போடு கூடியது. பெரும்பாலும் இதய வடிவானது. அடியிலிருந்து நுனி நோக்கி ஓடும் நரம்புகளுக்கிடையே வலைபோன்ற பின்னல் தெரியும். கார்த்திகைக் கொடியோ தண்டால் முறுக்குவதில்லை. ஈட்டிபோல் நீண்ட அதன் இலைக்குக் காம்பு இல்லை. இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு மேலேறும். வேறு எதை மறந்தாலும், நுனி சுருண்ட இலையை மறவாதீர்கள்.

மாணவர்கள் இன்னும் சிறிது நுணுகிப் பார்க்கலாம். இராசவள்ளியின் தண்டு உருண்டையானதன்று; நீள நெடுகச் சிறகு போன்ற விளிம்புகள் ஓடும். சிறுவள்ளியின் தண்டிலே முள் இருக்கும். காய்வள்ளியின் தண்டு வழுவழுப்பாக உருண்டிருக்கும்; இலைக்கக்கத்திலே காய்போன்ற சிறுகிழங்குகள் தொங்கும். காய்வள்ளியும் இராசவள்ளியும் கம்பைச் சுற்றும் திசைகூட ஒன்றுக்கொன்று எதிரானது. ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். அருகருகே இரண்டு கம்புகளில் ஏறவிட்டுப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் கிடைக்காத மகிழ்ச்சி கிடைக்கும். காய்வள்ளியின் காட்டினங்கள் கசப்பும் நஞ்சும் உடையன என்பதனால், கொடியிலே தொங்குகிறதே என்று பறித்து உண்ண வேண்டாம்.

கரணையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறோம். நாம் கரணை என்று வழங்குவதைத் தமிழகத்தார் சேனை என்பர். மண்ணிலிருந்து எடுத்தால் தட்டையான பெரிய பந்துபோல் இருக்கும். மேலே நடுவில் ஒரு குழி, குழியில் ஒரு முளை, பக்கங்களில் புடைப்புகள். அதைக் கிழங்கென்று அடையாளங் காண்பதில் இடரில்லை. இடர் பூவிலே வருகிறது. முதிர்ந்த கரணை சில ஆண்டுகளில் இலைக்கு முன்னரே பூவை எறியும். முதல் மழைக்குப் பின் திடீரென ஒரு நாள் வளவு முழுதும் செத்த எலி நாற்றம் எடுக்கும். பெண்கள் சமையலறையில் அலுமாரிகளை நகர்த்துவார்கள், ஆண்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் வாழையடியில் ஊதாவும் கபிலமும் கலந்த ஒரு பெரிய மடலும், நடுவில் மூளைபோல் சுருங்கிய ஒரு குமிழும் தரையோடு அமர்ந்திருக்கக் காண்பர். பேய் பிசாசு என்று வெட்டி எறிந்தவர்களும் உளர்! அந்நாற்றம் பிணந்தின்னும் வண்டுகளையும் ஈக்களையும் அழைப்பதற்கான ஏற்பாடு; அவையே அப்பூவுக்கு மகரந்தத் தூதர். பூ வாடிய பின் புள்ளியிட்ட ஒரேயொரு காம்பு எழுந்து, குடைபோல் விரியும். அது காம்பும் தண்டும் அன்று. காம்பு முதல் குடைவரை எல்லாம் சேர்ந்து ஓர் இலை. அந்த இலை ஆண்டு முடிவில் மடியும்போது பழைய கிழங்கு கரைந்துபோய், அதனிடத்தில் அதனினும் பெரிய புதுக்கிழங்கு அமர்ந்திருக்கும். வாயில் தினவு எடுப்பது கல்சியம் ஒட்சலேற்று என்ற பளிங்குகளால். கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக அவை நாவிலே குத்துகின்றன.

சேம்பும் அதன் உறவினரும் இவ்வூசிகளை உடையனவே. அழகுக்காக வளர்க்கும் வண்ண இலைச் சேம்புகளின் கிழங்குகளைக் கறிச்சேம்பு என்று மயங்குவது எளிது. ஐயமிருந்தால் விட்டுவிடுதலே நன்று. அதற்குமேல் இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து வெங்காயத்தைப் போன்றவை. குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாகத் தோன்றுவதைக் குமிழ் என்கிறோம். மற்றக் கிழங்குகளில் உணவைச் சேமிப்பது தண்டு அல்லது வேர். குமிழிலே சேமிப்பது இலையின் அடிப்பகுதி. நீங்கள் உரிக்கும் ஒவ்வொரு வெங்காயத் தோலும் ஓர் இலையின் அடிதான். வளவில் வெங்காயம் போன்ற ஒன்று அகப்பட்டால் முதலில் நசுக்கி மோந்து பாருங்கள். வெங்காய வாசனை இல்லையேல் அது வெங்காயம் அன்று. இந்த ஒரு சோதனை மிக நல்லது. ஆனால் வெங்காயம் வெட்டிய கையோடு செய்தால் எல்லாமே வெங்காயமாகத்தான் மணக்கும் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். மணமற்ற பெருங்குமிழ் பெரும்பாலும் விஷமூங்கிலாகவோ சிலந்தி லில்லியாகவோ இருக்கலாம். இரண்டும் நாடா போன்ற நீண்ட இலையும், நெடுங்காம்பில் வெண்பூக்களும் உடையன. மழை பெய்த சில நாட்களில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் முற்றத்தில் பூக்கும் சின்ன லில்லிகளின் குமிழ்கள் சின்ன வெங்காயத்தின் அளவே இருக்கும். இம்மூன்றுமே உண்டால் வாந்தியை உண்டாக்கும். மணற்பாங்கான நிலத்தில் கிடைக்கும் நரிவெங்காயம் இன்னும் பொல்லாதது. அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கும்.

இஞ்சி இனத்தில் இத்தகைய கவலை குறைவு. மூக்கே போதும். மஞ்சளை முறித்தால் நிறமும் மணமும் சேர்ந்து சொல்லிவிடும். மாங்காய் இஞ்சியை முறித்தால் பச்சை மாங்காய் மணக்கும். கணுவும் கணுவுக்கு மேல் செதிலும் உடைய இவை நிலத்தின் கீழ்க் கிடையாக ஓடும் தண்டுகள்.

சிறு கிழங்குகளைப் பற்றி வாசகர்கள் பெரும்பாலும் தொந்தரவாகவே எண்ணுகின்றனர். கறுத்து, நார் போர்த்து, கயிற்றிற் கோத்த மணிபோல் ஒன்றன்பின் ஒன்றாக வருவது கோரைக்கிழங்கு. அதை முறித்தால் இனிய மணம் வீசும். உழவனுக்கு அது பகை, நாட்டு வைத்தியருக்கு மருந்து. வெண்மையான விரல்கள் பத்து இருபது ஒரே முடிச்சிலிருந்து கொத்தாகத் தொங்கினால், மேலே முள்ளும் ஊசிபோன்ற பச்சைத் தழையும் உடைய சாத்தாவாரி நின்றிருக்கிறதா என்று பாருங்கள். கதிர்போல் இருபுறமும் சிறுத்த வேர்கள் கொத்தாக இருந்து, மேலே ஊதாப் பூப்பூத்து, அதன் காய் நீர் பட்டதும் ‘பட்’டென வெடிக்குமாயின் அது பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்கவைத்து விளையாடும் செடி. அமெரிக்காவிலிருந்து வந்து நம் தெருவோரமெல்லாம் பரவிவிட்ட செடி அது. கரிய பெருமுள்ளங்கி போன்ற வேர் ஒன்று கிணற்றடியில் அகப்பட்டால் நாலுமணிப்பூவை நினையுங்கள். மாலையில் மலரும் அந்த எளிய பூச்செடி மண்ணுக்குள் இத்துணைப் பருத்த வேரை வைத்திருக்கும் என்பதை அதை ஆண்டுக்கணக்கில் வளர்ப்போரும் அறியார். அவ்வேர் கடும் பேதியை உண்டாக்கும். மிளகை ஒத்த அதன் வித்தும் நஞ்சே. அதைப் பிள்ளைகள் கடையாட்டம் ஆடும்போது வாயில் இடாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிழங்கல்லாத கிழங்கு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. பனங்காய் விழுந்து கிடந்த இடத்தைக் கொத்தும்போது ஈட்டிபோல் நேரே கீழிறங்கிய ஒன்று அகப்பட்டால் மனம் மகிழலாம். பனங்கிழங்கு வேரும் அன்று, தண்டும் அன்று. பனம்விதை முளைக்கும்போது அதன் வித்திலையின் உறை குழாய்போல் மண்ணுள்ளே நீண்டிறங்கி, மாப்பொருள் நிறைந்து திரண்டு நிற்கிறது. இளம் பனை அதற்குள்ளே துயில்கிறது. மேலே கொட்டையைப் பிளந்தால் இனிக்கும் பூரான். கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். நம் ஊரில் பெயர் தெரியாமல் ஒருவரும் கையில் எடுக்காத ஒரே நிலக்கீழ்ப் பொருள் இதுவாகத்தான் இருக்கும்.

இத்தனை அடையாளங்களை அறிந்த பின்னும் ஐயம் தீராத கிழங்குகளே அதிகம். அவற்றை என்ன செய்வது? ஒரு பழைய சட்டியின் அடியில் துளையிட்டு, மணலும் மண்ணும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். மேல் எது, கீழ் எது என்று தெரியாவிட்டால் கிழங்கைப் படுக்கையாக வையுங்கள். முளை தன் வழியைத் தானே காணும். இரண்டு மூன்று விரற்கடை ஆழம் போதும். மழை வரும்வரை நீரை அளவாகத் தெளியுங்கள். உறங்கும் கிழங்கு நீர் மிகுந்தால் அழுகும். நம் வாசகர்களின் கிழங்குகள் சாவதற்குப் புறக்கணிப்பைவிட அன்பே பெரிய காரணம் என்பது எங்கள் எண்ணம். சட்டியில் ஓர் ஓட்டுத் துண்டைச் செருகி, எடுத்த நாளும் எடுத்த இடமும் எழுதுங்கள். கிணற்றடியா, வேலியோரமா, பழைய பூப்பாத்தியா என்பதே பாதி விடையைச் சொல்லும். ஆட்டுக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்து, கிழங்கைத் தொட்ட கையைக் கழுவுங்கள்.

மழை விழுந்ததும் சட்டியைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். முதல் இலை விரியும்போது அதை வரைந்துவைக்கச் சொல்லுங்கள். காம்பு உண்டா? நரம்பு நேராக ஓடுகிறதா, பின்னுகிறதா? நுனி சுருள்கிறதா? பூத்துவிட்டால் ஓர் இலையோடு பூவையும் எடுத்து, பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்துப் பாரமேற்றி, நாள்தோறும் தாளை மாற்றி உலர்த்துங்கள். பேராதனையில் 1821 ஆம் ஆண்டில் தொடங்கிய தாவரவியற் பூங்காவை ஒட்டி அமைந்துள்ள தேசிய உலர்தாவரக் களஞ்சியத்தில் இவ்வாறு உலர்த்திய செடிகளே இந்நாட்டுத் தாவரங்களுக்குச் சாட்சியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 1893 முதல் வெளிவந்த றைமென் என்பாரின் இலங்கைத் தாவரக் கைந்நூலும் அத்தகைய செடிகளைப் பார்த்தே எழுதப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாவரவியற் துறையினரிடம் காட்டக்கூடியதும் இத்தகைய செடியையே. வெறுங்கிழங்கைக் கண்டு அவர்களும் தயங்குவர்.

கைத்தொலைபேசியிற் படமெடுத்துப் பெயர் கேட்கும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. இலைக்கும் பூவுக்கும் அது பெரும்பாலும் நல்ல துணையே, நாமும் பயன்படுத்துகிறோம். மண் அப்பிய கிழங்கின் படத்துக்கு அது தரும் விடை ஊகத்துக்கு மேலாகாது. பெயரை அதனிடம் கேளுங்கள். உண்ணலாமா என்று கேளாதீர்கள்.

சட்டியில் முளைத்தது கார்த்திகைக் கொடியே என்று தெளிந்துவிட்டால் அதை அழிக்க வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். கொல்ச்சிசீன் அளவறிந்து கொடுக்கும் மருத்துவர் கையில், கீல்வாத நோயாளிக்கு வலி தணிக்கும் மருந்து. தமிழகத்தில் இக்கொடியை வித்துக்காகத் தோட்டப் பயிராகவே வளர்க்கின்றனர். கறிப்பாத்திக்கும் வள்ளிக்கொடிக்கும் எட்டத்தே, வேலியின் வெளிமூலையில், பூவரசோ கிளுவையோ நிற்கும் இடமாகப் பார்த்து நடுங்கள். நடும் இடத்தைச் சுற்றி நான்கு கற்களைப் பதித்துவிடுங்கள். கோடையில் கொடி காய்ந்து மறைந்த பின்னும், அடுத்த புரட்டாதியில் மண்வெட்டி பிடிப்பவர் வேறொருவராக இருந்தாலும், அக்கற்கள் அங்கே இருக்கும்.